நூல் கட்டிய பூக்கள், முற்றும் மணிகள்

பூ விரிந்த அன்றே காம்பில் நூல் கட்டிவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு, ஏனென்றால் பக்வீட் என்ற மாவுத் தானியச் செடியின் பூவுக்கு ஆயுள் ஒரே நாள்தான். காலையில் விரியும், சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும், மறுநாள் அதே கொத்தில் வேறு பூக்கள் விரிந்து நிற்கும், நேற்றையது எது இன்றையது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் நாளுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டு, தையல் நூலைச் சின்னச் சின்னதாக வெட்டி, மூன்று வாரம் விடாமல் கட்டினேன். சிவப்பு, நீலம், மஞ்சள், நிறங்கள் தீர்ந்தபின் இரண்டிரண்டு நிறம் சேர்த்து. ஒரு நோட்டில் தேதியும் நிறமும்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் எங்கேயோ படித்த ஒரு வரி. பக்வீட் மணி இளசாக இருக்கும்போது ஃப்ளேவனாய்டுகளும் மற்ற ஃபீனால் சேர்மங்களும் (செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கிறவை) அதிகம், முற்ற முற்றக் குறைந்துகொண்டே போகும் என்று எழுதியிருந்தது. படித்ததும் மனசு சமாதானம் ஆகவில்லை. ஒரு செடி தன் விதைக்குள் பாடுபட்டுச் சேர்த்ததை, விதை முற்றுகிற நேரம் பார்த்து ஏன் விட்டுவிடும்? குறைகிறது என்றால் எங்கே போகிறது? அழிகிறதா, வேறொன்றாக மாறுகிறதா, இல்லை நாம் கணக்குப் பார்க்கிற விதத்தில்தான் குறைகிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது என்கிற மாதிரி ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. என்னிடம் ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சவர பிளேடு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு, அப்புறம் என் நாக்கு. கண்ணால் பார்க்க முடியாததையெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் தேடிப் படித்தேன்.

செடியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயரில் வீட் இருந்தாலும் இதற்கும் கோதுமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது புல் வகையே அல்ல, ருபார்ப் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச் (beech, பழம் தரும் peach அல்ல) மரத்தின் கொட்டையைப் போல மூன்று பட்டையாக இருக்கிற மணி, மாவாக்கினால் கோதுமை மாதிரி பயன்படுகிறது, அதனால் வந்த பெயர். குளூட்டன் இல்லை. நாம் மணி என்று சொல்வது உண்மையில் ஒரு உலர்ந்த சின்னப் பழம்: வெளியே கடினமான உமி, அதற்குள் மெல்லிய விதையுறை, அதற்குள் மாவு, மாவுக்கு நடுவே கரு. இந்த நான்கு பகுதிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இவற்றுக்குள்ளேதான் நடக்கிறது.

பயிராவது இரண்டு வகை. சாதாரண பக்வீட் ஒன்று, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தேனீக்களை வரவழைப்பது. இன்னொன்று டார்ட்டரி பக்வீட், கண்ணுக்கே தெரியாத பச்சைப் பூ, மணி சிறியது, கசக்கும். முதலாவதில் செடிக்குச் செடி பூவின் அமைப்பே வேறு, சிலவற்றில் சூலகத் தண்டு நீளம், சிலவற்றில் மகரந்தத் தாள்கள் நீளம், ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகைக்குப் போனால்தான் மணி கட்டும். டார்ட்டரிக்கு அந்தத் தேவை இல்லை, தன் மகரந்தமே போதும். நான் இரண்டையும் தொட்டிகளில் வளர்த்தேன்.

ஆரம்பத்திலேயே ஒன்று புரிந்தது. நூல் கட்டிய சாதாரண பக்வீட் பூக்களில் பெரும்பாலானவை மணியே கட்டாமல் உதிர்ந்துவிட்டன. பத்துப் பூவுக்கு ஒன்றோ இரண்டோ தங்கும், அது இந்தச் செடியின் இயல்பு. வெயில் கடுமையான நாட்களில் அதுவும் இல்லை. மிச்சம் நின்ற நூல்களைத்தான் பின்தொடர முடிந்தது. அடுத்த விஷயம், இந்தச் செடி பூப்பதை நிறுத்துவதே இல்லை. கீழ்க் கொத்தில் மணி கறுத்து நிற்கும், நடுவில் பச்சை மணி, நுனியில் அன்றைக்கு விரிந்த பூ. ஒரே செடியில் ஒரே நேரத்தில் எல்லா வயதும். அறுவடை செய்த மூட்டையில் கை விட்டு ஒரு பிடி அள்ளினால், அதில் ஒரு மாதம் முற்றியதும் இருக்கும், இரண்டு வாரத்துப் பிஞ்சும் இருக்கும். 'பக்வீட்டில் இவ்வளவு ரூட்டின் (ஒரு ஃப்ளேவனாய்டு) இருக்கிறது' என்று ஒரே ஒரு எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தப் பிடிதான் ஞாபகம் வருகிறது.

சரி, மணிக்குள் போவோம்.

பூ வாடி ஐந்தாறு நாளில் பறித்த மணியைக் குறுக்கே வெட்டினேன். உமிதான் முந்திக்கொண்டு வளர்கிறது. முக்கோணமாக, இளம்பச்சையாக, தொட்டால் ஈரமாக இருக்கிறது, ஆனால் உள்ளே பார்த்தால் பெரும்பகுதி வெற்றிடம். நடுவே கண்ணாடி மாதிரி ஒரு துளி. பிளேடு பட்டதும் அது வழிந்துவிட்டது. நுனி நாக்கில் வைத்தால் லேசான புல் வாசனை, அப்புறம் ஒரு துவர்ப்பு, நாக்கைப் பிடித்து இழுக்கிற மாதிரியான துவர்ப்பு. பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தத் துளி பாலாகிறது. நெல்லுக்குச் சொல்வது போலவே இதற்கும் பால் பிடிப்பது என்று சொல்லலாம், நகத்தால் அமுக்கினால் வெள்ளையாக வடிகிறது. அந்தப் பாலுக்கு நடுவே லென்ஸில் பார்த்தால் இளம் மஞ்சள் பச்சையாக ஒரு கோடு, அதுதான் கருவின் விதையிலைகள். அதற்கடுத்த ஒரு வாரத்தில் பால் இறுகிப் பசையாகிறது, பசை மாவாகிறது, விதையிலைகள் அகலமாக வளர்ந்து, இடம் போதாமல் மாவுக்குள்ளேயே வளைந்து மடிகின்றன. முற்றிய மணியைக் குறுக்கே வெட்டினால் வெள்ளை மாவுக்கு நடுவே ஒரு பாம்பு நெளிந்து போன தடம் மாதிரி மஞ்சள் கோடு தெரியும். நெல்லிலும் கோதுமையிலும் கரு ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தீட்டினால் போய்விடும். பக்வீட்டில் கரு மாவின் நடுவில் ஓடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் பின்னால் பெரிய விஷயமாகிறது.

இப்போது அந்தக் குறைகிறது கணக்குக்கு வருகிறேன். பால் பிடிக்கும் முன் உள்ள ஒரு மணியைக் காயவைத்து நிறுத்தால் சில மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி உமியும் விதையுறையும். முற்றிய சாதாரண பக்வீட் மணி 25 முதல் 30 மில்லிகிராம் வரை வரும், அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. ஃபீனால் சேர்மங்களோ பெரும்பாலும் உமியிலும் விதையுறையிலும் கருவிலும் இருக்கிறவை, மாவில் மிகக் கொஞ்சம். ஒரு உதாரணக் கணக்கு, நானே போட்டது: 5 மில்லிகிராம் இளம் மணியில் ஏதோ ஒரு சேர்மம் 2 பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முற்றும்போது அது 4 பங்காகிறது, ஆனால் மணி 25 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் இரண்டு மடங்கு கூடியிருக்கிறது. கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்தால் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் 'முற்ற முற்றக் குறைகிறது' என்று எழுதுகிறவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார், படிக்கிறவர் சேர்மம் அழிந்துபோகிறது என்று நினைத்துக்கொள்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாப்பிடுகிறவருக்குக் கிராம் கணக்குதான் முக்கியம், அதை மறுக்கவில்லை. நாம் மணியை எண்ணிச் சாப்பிடுவதில்லை, எடை போட்டுத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் செடி என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால் மணிக் கணக்கு வேண்டும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தருகிற கட்டுரைகளை மட்டுமே இப்போதெல்லாம் முழுதாகப் படிக்கிறேன்.

ஆனால் எல்லாமே வெறும் நீர்த்துப்போகிற கணக்கு என்று முடித்துவிடவும் முடியாது. சில சேர்மங்கள் நிஜமாகவே மாறுகின்றன. முதல் வாரத்தில் என் நாக்கு உணர்ந்த துவர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அது புரோஆந்தோசயனிடின்கள், அதாவது டானின் வகை, கேட்டச்சின் போன்ற சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உண்டாவது. விதையுறையில்தான் அதிகம் சேரும். இளசில் இவை கரைகிற நிலையில் இருப்பதால் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன, அதனால்தான் நாக்கு வறண்ட மாதிரி ஆகிறது. முற்றும்போது சங்கிலிகள் நீண்டு, சுவர்களோடு பிணைந்து, ஆக்சிஜனேற்றம் ஆகிப் பழுப்பாகின்றன. கரைப்பானில் போட்டு எடுத்தால் வராது. ஆய்வுக்கூடத்தில் கரைந்து வருவதை மட்டும் அளந்தால் டானின் குறைந்துவிட்டது என்று எண் சொல்லும், உண்மையில் அது அங்கேயே இறுகிப்போய் நிற்கிறது. பச்சை மணி பழுப்பாகி, பிறகு கறுப்பாவதை நாம் வெளியில் நிறமாகப் பார்க்கிறோம், உள்ளே நடப்பது இந்த வேதியியல்.

உமியின் கதை தனி. இளசில் அது உயிருள்ள திசு, பச்சையம் இருக்கிறது, இலை போலவே வெளிச்சத்தில் வேலை செய்கிறது, தன்னைக் காத்துக்கொள்ள ஃப்ளேவனாய்டு வைத்திருக்கிறது. முற்றும்போது அந்த செல்கள் கட்டையாகி உயிரை விட்டுவிடுகின்றன. சாதாரண பக்வீட்டில் உமியையும் பருப்பையும் தனித்தனியாகப் பிரித்து அளந்த ஒரு போலந்து ஆய்வு 1999இல் வந்தது. உமியில் ஆறு ஃப்ளேவனாய்டுகள் கிடைத்தன: ரூட்டின், ஓரியன்டின், ஐசோஓரியன்டின், வைடெக்ஸின், ஐசோவைடெக்ஸின், குவெர்செட்டின். பருப்பில் இரண்டே இரண்டு, ரூட்டினும் ஐசோவைடெக்ஸினும். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒரு விஷயம் உறைத்தது. இளம் மணியை அப்படியே உமியோடு அரைத்து அளந்து, முற்றிய மணியை உமி நீக்கிப் பருப்பாக அளந்து, இரண்டையும் ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல. முற்றிய மணியில் உமி மட்டும் எடையில் கால் பங்கை ஒட்டி வரும். அதைக் கழித்துவிட்டு, 'முற்றியதில் ஃப்ளேவனாய்டு வகைகள் குறைவு' என்று சொன்னால் யாரைக் குறை சொல்வது?

ரூட்டினைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. குவெர்செட்டின் என்ற ஃப்ளேவனாய்டில் இரண்டு சர்க்கரைகள் இணைந்த ரூட்டினோஸ் ஒட்டிக்கொண்டால் அது ரூட்டின். 1842இல் அருவதாச் செடியிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள், அந்தச் செடியின் லத்தீன் பெயரான ரூட்டாவிலிருந்துதான் பெயரும் வந்தது. 1936இல் ஹங்கேரிய விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜியும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த வகைச் சேர்மங்கள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிவதைத் தடுக்கின்றன என்று சொல்லி வைட்டமின் பி என்றார்கள், ஆங்கில எழுத்து வரிசையில் 16ஆவதாக வருகிற பி. பிறகு இது வைட்டமின் அல்ல என்று தெரிந்து அந்தப் பெயர் வழக்கொழிந்தது. 1940களில் அமெரிக்காவில், பிலடெல்ஃபியாவுக்கு அருகே இருந்த அரசு வேளாண் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் கவுச் என்பவர் முதலில் புகையிலையிலிருந்து ரூட்டின் எடுத்தார், அது கட்டுப்படியாகவில்லை, பிறகு மலிவான மூலம் தேடியபோது பக்வீட் கிடைத்தது. கவனியுங்கள், அவர்கள் பயன்படுத்தியது பக்வீட் மணியை அல்ல, பச்சைச் செடியின் இலையையும் பூவையும்.

காரணம் எளிது. பூவிலும் இளம் இலையிலும் ரூட்டின் உலர் எடையில் சில சதவீதம் இருக்கும். சாதாரண பக்வீட் மணியிலோ 100 கிராமுக்குச் சில பத்து மில்லிகிராம். நூல் கட்டிய அந்த ஒரு நாள் பூவிலிருந்து ஒரு மாதம் கழித்து உதிரத் தயாராக நிற்கிற மணி வரைக்கும் கோடு போட்டால், கிராம் கணக்கில் அது செங்குத்தான இறக்கம். பூ ஒரே நாள் வாழ்ந்தாலும் வெயிலை நேரே வாங்குகிறது, அதன் மெல்லிய திசுவுக்குப் புற ஊதாக் கதிர் பெரிய ஆபத்து. ரூட்டின் அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்கிற சேர்மம். ஸ்லோவேனியாவில் இவான் கிரெஃப்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் பக்வீட்டைப் புற ஊதா வடிகட்டிகளுக்கு அடியிலும் திறந்த வெளியிலும் வளர்த்து, கதிர் கூடக்குறைய ரூட்டின் அளவும் மாறுவதைப் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார்கள். பூவுக்குள் இருக்கும் ரூட்டின் பூவுக்காக. மணி முற்றும்போது அதைக் கறுத்த உமி மூடிவிடுகிறது, உள்ளே வெளிச்சமே கிடையாது, மாவுக்குக் குடை எதற்கு?

அப்படியானால் டார்ட்டரி பக்வீட்? இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. டார்ட்டரி மணியில் ரூட்டின் உலர் எடையில் 1 சதவீதத்தை ஒட்டி, சில வகைகளில் அதற்கும் மேலே இருக்கிறது. சாதாரண மணியோடு ஒப்பிட்டால் ஐம்பது, நூறு மடங்கு. அதே குடும்பம், அதே அமைப்பு, அதே நெளிந்த கரு, ஆனால் இங்கே மணி முற்றும்போது ரூட்டின் கருவுக்குள் ஏராளமாகச் சேர்கிறது. இதன் மரபணு வரிசை 2017இல் வெளியானது. ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, படிப்படியாக நொதிகள் கைமாற்றி, குவெர்செட்டினாக்கி, சர்க்கரை ஒட்டி முடிக்கிற நீண்ட வரிசை இது, இரண்டு வகைச் செடியிலும் அதே வரிசைதான். எந்தத் திசுவில், எந்த நாளில், எவ்வளவு வேகமாக அது ஓடுகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

டார்ட்டரியின் கசப்புக்குப் பின்னால் இன்னொரு அதிசயம் உண்டு. மணி முற்றும்போது ரூட்டினோடு சேர்த்து, அதை உடைக்கிற நொதியையும் செடி தயாரித்து வைக்கிறது. ரூட்டின் பெரும்பாலும் கருவில், நொதி பெரும்பாலும் விதையுறையில். இரண்டும் ஒரே மணிக்குள், ஒரு மயிரிழைத் தூரத்தில், ஆனால் மணி காய்ந்து முழுசாக இருக்கும்வரை சந்திப்பதில்லை. முற்றிய டார்ட்டரி மணிகளை உரலில் நுணுக்கினேன். உலர்ந்த மாவை நாக்கில் வைத்தபோது கசப்பு பெரிதாக இல்லை. அதே மாவில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஐந்து நிமிடம் கழித்து நக்கிப் பார்த்தேன். கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கியது. தண்ணீர் பட்டதும் நொதி ரூட்டினைச் சர்க்கரை வேறு, குவெர்செட்டின் வேறு என்று வெட்டிவிடுகிறது, அதன் விளைவுதான் அந்தக் கசப்பு. கொதிக்கும் நீர் விட்டுப் பிசைந்த இன்னொரு பங்கில் அவ்வளவு கசப்பு வரவில்லை, சூட்டில் நொதி செத்துவிடுகிறது. ஜப்பானில் இந்த நொதி ஏறக்குறைய இல்லாத மன்டென்-கிராரி என்ற ரகத்தையே உருவாக்கியிருக்கிறார்கள், அதன் மாவில் ரூட்டின் ரூட்டினாகவே நிற்கிறது, கசப்பும் மிகக் குறைவு. மணிக்குள் எவ்வளவு சேர்ந்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது எங்கே சேர்ந்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம் என்று அந்த ஐந்து நிமிடத்தில் புரிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் கிராம் கணக்கில் இளசில் அதிகம், அல்லது கருவோடு கூடுவது. நேர் எதிராக, கடைசியில் மட்டுமே வருகிற ஒரு சேர்மம் உண்டு. அதை நான் தேடிப் போகவில்லை, ஒரு தோல்வி வழியாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

நூல் நிறம் பார்த்துப் பறித்த மணிகளில் சிலவற்றை நிழலில் நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு வயதையும் தனித்தனி ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். எது முளைக்கிறது என்று பார்ப்பதற்காக. பத்து நாளுக்குள் பறித்தவை ஒன்றுகூட முளைக்கவில்லை, ஊறி, பழுப்பாகி, துணியோடு வழவழவென்று அழுகிப்போயின. இரண்டு வாரத்தை ஒட்டியவற்றில் ஒன்றிரண்டு வெள்ளை முனையை நீட்டின. இருபது நாளுக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை இரண்டு நாளிலேயே முளைவிட்டன. பத்து நாள் மணியில் கரு இல்லாமல் இல்லை, நானே லென்ஸில் பார்த்தேன். காயவைத்ததைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

இதற்குப் பதில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஓபன்டார்ஃப் குழுவின் வேலையில் கிடைத்தது. விதை காய்வது என்றால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் போவது. சாதாரணமாக அது மரணம். செல் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குலைந்துவிடாமல் இருக்க, தண்ணீர் இருந்த இடத்தில் வேறு ஏதாவது நிற்க வேண்டும். பயறு வகைகளில் அந்த வேலைக்கு ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் வருகின்றன, சாப்பிட்டால் வயிற்றில் வாயு உண்டாக்குகிற அதே சர்க்கரைகள். பக்வீட் வேறு வழி வைத்திருக்கிறது. டி-கைரோ-இனோசிட்டால் என்ற வளைய ஆல்கஹாலோடு காலக்டோஸ் சர்க்கரையை இணைத்து ஃபாகோபைரிட்டால் என்ற சேர்மத்தை உண்டாக்குகிறது, பேரே பக்வீட்டின் தாவரவியல் பெயரான ஃபாகோபைரத்திலிருந்து வந்தது. 1998இல் வந்த அவர்களுடைய கட்டுரை காட்டுவது இதுதான்: கரு முற்றி, காய்வதைத் தாங்கும் திறன் வருகிற அதே நாட்களில் ஃபாகோபைரிட்டால் கருவில் சேர்கிறது. முளைக்கத் தொடங்கியதும் அது செலவாகிவிடுகிறது, காய்வதைத் தாங்கும் திறனும் கூடவே போய்விடுகிறது.

என் ஈரத்துணி முடிச்சுகளுக்கும் அந்தக் கட்டுரைக்கும் இடையே இருந்த பொருத்தத்தைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இளம் மணியைச் சத்து மிகுந்தது என்று முன்கூட்டியே பறித்தால், இந்தச் சேர்மம் வருவதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறோம். டி-கைரோ-இனோசிட்டால் நம் உடலில் இன்சுலின் சமிக்ஞையோடு சம்பந்தப்பட்டது என்பதால் மருத்துவ உலகுக்கும் இதில் அக்கறை உண்டு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளியான ஆய்வில், பக்வீட் செறிவுச் சாற்றைக் கொடுத்த நீரிழிவு எலிகளில் இரத்தச் சர்க்கரை 12 முதல் 19 சதவீதம் குறைந்தது. எலியில் நடந்தது மனிதனுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, செறிவுச் சாறு வேறு, ஒரு தட்டு உணவு வேறு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

இங்கேதான் அந்த நடுவில் ஓடும் கரு திரும்ப வருகிறது. ஃபாகோபைரிட்டால் கருவில் இருக்கிறது. அரைத்துச் சலிக்கும்போது கருவின் பெரும்பகுதி தவிட்டுப் பங்கோடு போய்விடுகிறது, நடு மாவிலிருந்து வருகிற மிக வெள்ளையான மாவில் இது மிகக் குறைவு. மணி ஒரு மாதம் எடுத்துக்கொண்டு கடைசியில் செய்ததை, சல்லடை ஒரு நிமிடத்தில் பிரித்துவிடுகிறது. ஃபைட்டிக் அமிலமும் அதே தவிட்டில்தான் சேர்கிறது, அது இரும்பு, துத்தநாகம் போன்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே தவிட்டோடு சாப்பிட்டால் எல்லாம் லாபம் என்றும் சொல்ல முடியாது.

பச்சையாக, இளசாகச் சாப்பிடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பூவிலும் இலையிலும் ரூட்டின் அதிகம் என்று படித்தவுடன் சிலர் பச்சைச் செடியைச் சாறாக்கித் தினம் குடிக்கத் தொடங்குகிறார்கள். பூவிலும் இலையிலும் ஃபாகோபைரின் என்ற சிவப்புச் சேர்மமும் இருக்கிறது. அது உடலில் போதுமான அளவு சேர்ந்தபின் வெயில் பட்டால் தோல் எரியும், தடிக்கும். பச்சை பக்வீட் நிறைய மேய்ந்த வெள்ளை ஆடுமாடுகளுக்கு இது வருவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். முற்றிய மணியில் அது மிகமிகக் குறைவு. அதாவது, பூ மணியாக முற்றும்போது ரூட்டின் மட்டும் இறங்கவில்லை, இதுவும் இறங்குகிறது.

அறுவடையை எப்போது செய்வது என்ற கேள்வி இத்தனைக்கும் பிறகு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வழக்கமாகச் சொல்வது, மணிகளில் முக்கால் பங்கு பழுப்பானதும் அறுத்துவிடு என்பது. முன்பு இதைச் சோம்பேறித்தனமான விதி என்று நினைத்தேன், மீதிக் கால் பங்கு முற்றட்டுமே, என்ன அவசரம் என்று. என் தொட்டிகளில் ஒன்றை அப்படியே விட்டுப் பார்த்தேன். மேலே பிஞ்சுகள் முற்றுவதற்குள் கீழே இருந்த கனமான, நன்கு நிறைந்த மணிகள் ஒரு காற்றுக்கு உதிர்ந்துவிட்டன. தொட்டி மண்ணில் பொறுக்கியபோது சிவப்பு நூலும் நீல நூலும் மணியில்லாமல் கிடந்தன. எதைக் கைவிட்டு எதை எடுப்பது என்று இந்தச் செடியோடு பழகியவர்கள் கண்டுபிடித்த நடுவழி அந்த முக்கால் பங்கு.

அறுத்து, காயவைத்து, உமியை நீக்கியபோது உள்ளிருந்த பருப்பு பச்சையாக இருந்ததைக் கண்டு எனக்கு ஆச்சரியம். மூட்டையில் வாங்கியதெல்லாம் சிவந்த பழுப்புதான், அதுதான் இயல்பான நிறம் என்று நினைத்திருந்தேன். புதுப் பருப்பு இளம்பச்சை. வைக்க வைக்க, காற்றும் வெளிச்சமும் பட்டு, விதையுறையில் மிச்சமிருக்கும் ஃபீனால்கள் மெதுவாக ஆக்சிஜனேற்றமாகிச் சிவக்கின்றன. வறுக்கவே வேண்டாம், சும்மா வைத்தாலே போதும். மணி செடியை விட்டு வந்தபிறகும் மாற்றம் நிற்பதில்லை என்பதற்கு ஒரு கண்ணாடிக் குடுவையும் ஒரு ஜன்னலும் சாட்சி. ஒரு குடுவையை இருட்டு அலமாரியிலும் இன்னொன்றை ஜன்னலிலும் வைத்தேன். ஒன்றரை மாதத்தில் ஜன்னல் குடுவை செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. இருட்டில் இருந்தது இன்னும் பச்சை சாயல் மாறவில்லை.

அலமாரிக் குடுவையிலிருந்து இருபது மணிகளை எடுத்து நேற்று ஈரத்துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். முளைத்த சில நாட்களில் விதையிலைகள் விரிந்து பச்சை பிடிக்கும்போது ரூட்டின் மறுபடியும் ஏறும், ஓரியன்டினும் வைடெக்ஸினும் திரும்ப வரும், ஏனென்றால் வெயில் மறுபடியும் படப்போகிறது. இந்த முறை தொட்டிகளைப் பாதி வெயிலிலும் பாதி நிழல்வலைக்கு அடியிலும் வைக்கலாம் என்றிருக்கிறேன். நூல் கண்டுகள் புதிதாக ஆறு நிறம் வாங்கியாகிவிட்டது.